காற்றை நம்பிய என்ஜின்: மும்பைச் சாலைகளில் மோட்டார் சைக்கிளின் வெப்பமும் அதன் தணிப்பும்

மும்பையின் தாராவியில் பதின்மூன்றாம் காம்பவுண்டு என வழங்கும் பகுதியில், பழைய அலுமினியப் பாத்திரங்களும் பானக் குப்பிகளும் உலையில் உருக்கப்பட்டுப் பாளங்களாக வார்க்கப்படுகின்றன. தூய அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். அந்த உலைக்கு வெளியே, குறுகிய சந்தில் சாய்த்து நிறுத்தப்பட்டிருக்கும் மோட்டார் சைக்கிளின் பிஸ்டனும் சிலிண்டர் தலையும் அதே அலுமினியத்தின் கலப்புலோகங்களால் ஆனவை. அவற்றிற்கிடையே பெட்ரோல் எரியும்போதோ, வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரியைத் தாண்டுகிறது. உலையில் உருகும் உலோகம், அதைப் போன்று மூன்று மடங்கு சூட்டில் எவ்வாறு உருகாமல் நிற்கிறது என்ற கேள்வி எழுவது இயல்பே.

விடை, நேரத்தில் இருக்கிறது. நிமிடத்திற்கு 5,000 முறை சுழலும் நான்கு வீச்சு என்ஜினில், வினாடிக்கு நாற்பது முறைக்குச் சற்று மேலாகத் தீப்பொறி பாய்கிறது. ஒவ்வொரு எரிதலும் கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பகுதியே நீடிக்கிறது. அது முடிந்தவுடன் எரிந்த வாயு வெளியேற, குளிர்ந்த காற்றும் பெட்ரோல் ஆவியும் உள்ளே வருகின்றன. சுவரை ஒட்டி நிற்கும் மெல்லிய வாயுப் படலம் ஓரளவு காப்பாக அமைகிறது. இவற்றின் பயனாக, நல்ல நிலையிலுள்ள காற்றுத் தணிப்பு என்ஜினில் சிலிண்டர் தலை 150 முதல் 200 டிகிரி வரையிலும், பிஸ்டனின் மேற்பரப்பு 250 முதல் 300 டிகிரி வரையிலும் நின்றுவிடுகின்றன. எஃகினாலான வெளியேற்று வால்வு மட்டும் 600 டிகிரிக்கு மேல் செல்கிறது. உள்ளே உண்டாகும் வெப்பமும் வெளியே செல்லும் வெப்பமும் சமமாக இருக்கும் வரையில்தான் இந்த ஏற்பாடு நிலைக்கும். வெளியேறும் வழி அடைபட்டால் என்ஜின் தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளத் தொடங்கும்.

இது பொறியியலாளர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் மும்பையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை இரு சக்கர வாகனங்கள். தாராவியில் தைத்த தோல் பைகளும் ஆயத்த ஆடைகளும், மாட்டுங்காவின் உணவு விடுதிகளிலிருந்து செம்பூர் வீடுகளுக்குச் செல்லும் பொட்டலங்களும் பெருமளவில் அவற்றின் முதுகிலேயே பயணம் செய்கின்றன. செயலி வழி நிறுவனங்களின் மூலம் வேலை பெறும் தொழிலாளர்களின் எண்ணிக்கை, நாடு முழுவதிலும் 2020-21-இல் 77 லட்சம் என நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட அறிக்கையில் மதிப்பிட்டது. அவர்களில் பொருள்களை வீடு சேர்ப்பவர்களுக்கு வண்டியே மூலதனம். அதன் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொண்டால், போர் போட்டுப் புதிய பிஸ்டன் பொருத்தும் செலவு ஒரு புறம். வண்டி பட்டறையில் கிடக்கும் நாள்களின் வருமான இழப்பு மறு புறம். தவணைக் கடனோ காத்திருப்பதில்லை. ஆலைகள் தேய்மானத்திற்கென்று நிதி ஒதுக்குகின்றன. ஒற்றை வண்டியின் உரிமையாளருக்கு அத்தகைய ஒதுக்கீடு கிடையாது. எனவே அவர் செய்யக்கூடியது தேய்மானத்தைத் தாமதப்படுத்துவதே.

வெப்பத்தின் வரவு செலவு

லிட்டருக்கு 60 கி.மீ. தரும் நூறு சி.சி. வண்டி ஒன்று, மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். ஒரு மணியில் அது எரிக்கும் பெட்ரோல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு லிட்டர். அதிலுள்ள ஆற்றலைக் கணக்கிட்டால் அது தொடர்ச்சியாக ஏறக்குறைய 6 கிலோவாட்டுக்குச் சமம். இதில் சக்கரத்தைச் சுழற்ற உதவுவது கால் பங்கு அளவே. எஞ்சியதில் ஏறத்தாழ பாதி, புகைக்குழாய் வழியே சூடான வாயுவாகப் போய்விடுகிறது. மற்றொரு பாதி, அதாவது 2 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வெப்பம், சிலிண்டர் சுவர், தலை, எண்ணெய் ஆகியவற்றின் வழியாக வெளிக்காற்றில் கலந்தாக வேண்டும். முழுச் சூட்டில் வைத்த இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை எப்போதும் குளிர்வித்துக்கொண்டே இருப்பதற்கு இது ஒப்பாகும்.

சிலிண்டரின் வழவழப்பான வெளிப்பரப்பு இதற்குப் போதாது. எனவேதான் அதைச் சுற்றி மெல்லிய தகடுகள் போன்ற விலாக்கள் வார்க்கப்படுகின்றன. இவ்விலாக்கள் காற்றுடன் தொடர்பு கொள்ளும் பரப்பைப் பன்மடங்கு பெருக்குகின்றன. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமானத் தொழிற்சாலையில் கிப்சன், ஹெரான் ஆகிய இருவரும் காற்றுத் தணிப்புச் சிலிண்டர்களை முறையாக ஆராய்ந்து, அலுமினியத் தலையின் மேன்மையை நிலைநாட்டினர். வார்ப்பிரும்பைப் போல நான்கு மடங்கு வேகத்தில் வெப்பத்தைக் கடத்துவது அலுமினியம். சென்னை திருவொற்றியூரில் 1955 முதல் உருவாகி வந்த என்ஃபீல்டு புல்லட் வண்டி, வார்ப்பிரும்புச் சிலிண்டருடனேயே அரை நூற்றாண்டு ஓடியது. அலுமினிய என்ஜின் அந்நிறுவனத்தின் வண்டிகளில் பிற்காலத்தில்தான் படிப்படியாக இடம் பெற்றது.

அலுமினியத்திற்கு ஒரு குறையும் உண்டு. சூடேறினால் அது வார்ப்பிரும்பைக் காட்டிலும் இரு மடங்கு விரியும். 50 மி.மீ. குறுக்களவுள்ள பிஸ்டன் 200 டிகிரி சூடேறும்போது, அதன் குறுக்களவு ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் கூடுகிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே கீழ்ப்பகுதியில் விடப்படும் இடைவெளியோ மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகளே. இந்த விரிவை எதிர்பார்த்தே பிஸ்டனின் மேற்பகுதி சற்றுச் சிறுத்துக் கடையப்படுகிறது. வடிவமைத்தவர் எதிர்பார்த்த சூட்டைக் காட்டிலும் அதிகமாகச் சூடேறினால் இடைவெளி மறைந்து, எண்ணெய்ப் படலம் அறுந்து, உலோகத்தோடு உலோகம் உராய்கிறது. பட்டறைகளில் 'வண்டி ஜாம் ஆகிவிட்டது' என்று சொல்லப்படுவது இதுவே.

வெயிலா, நெரிசலா?

மும்பையின் ஈரப்பதம் நிறைந்த புழுக்கத்தில் என்ஜினும் திணறும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மனித உடல் வியர்வை ஆவியாவதால் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் அது தடைப்படுகிறது. என்ஜினுக்கு வியர்ப்பதில்லை. எனவே ஈரப்பதத்தால் அதன் தணிப்பில் குறிப்பிடத்தக்க மாறுதல் எதுவும் ஏற்படுவதில்லை.

வெயிலின் பங்கும் பலர் கருதுவதைவிடக் குறைவு. விலாக்கள் 150 டிகிரியிலும் மும்பைக் காற்று 33 டிகிரியிலும் இருந்தால் வேறுபாடு 117 டிகிரி. கோடையில் 45 டிகிரியைத் தொடும் நாகபுரியில் இவ்வேறுபாடு 105 டிகிரியாகிறது. வெப்பம் வெளியேறும் அளவு இவ்வேறுபாட்டைப் பொறுத்ததாகலின், மும்பையிலிருந்து நாகபுரிக்குச் சென்றால் இழப்பு பத்தில் ஒரு பங்கே. ஆனால் வேகம் 40 கி.மீ.யிலிருந்து 10 கி.மீ.க்குக் குறைந்தால் விலாக்களின் தணிக்கும் திறன் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வண்டி நின்றுவிட்டால், சூடான காற்று தானாக மேலெழும்புவதால் கிட்டும் சிறு தணிப்பே எஞ்சுகிறது. ஆகவே நாகபுரியின் நெடுஞ்சாலையில் நண்பகலில் ஓடும் வண்டியைக் காட்டிலும், தாராவி அறுபதடிச் சாலையில் மாலையில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கே இடர் மிகுதி. முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் என்ஜின் வேகமாகச் சுழல்கிறது, எரிபொருள் செலவாகிறது, காற்றோ வீசுவதில்லை. கிளட்சைப் பாதி பிடித்தபடி ஊர்வதால் அதன் தட்டுகள் உராய்ந்து எழும் சூடும் அதே எண்ணெயில் சேர்கிறது.

போக்குவரத்துத் திட்டமிடலும் இதில் தொடர்புடையதே. 2009-இல் திறக்கப்பட்ட பாந்திரா-வொர்லி கடற்பாலத்தில் இரு சக்கர வாகனங்களுக்கு இடமில்லை. 2024-இல் திறக்கப்பட்ட அடல் சேது பாலத்திலும், கடலோரச் சாலையிலும் அதே விதிதான். பாதுகாப்புக் கருதியே இத்தடை விதிக்கப்பட்டுள்ளது. அதைக் குறை கூற இயலாது. எனினும் இதன் விளைவு சற்று விந்தையானது. விசிறியும் நீர்த்தொட்டியும் கொண்டு, நின்றாலும் குளிரும் கார்களுக்குத் தடையற்ற சாலை கிடைக்கிறது. ஓடினால் மட்டுமே குளிரும் மோட்டார் சைக்கிளுக்கு மாஹிம், தாதர், சயான் வழியாகச் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் சாலை கிடைக்கிறது. 2024 ஆகஸ்டில் சயான் ரயில்வே மேம்பாலம் புதுப்பித்துக் கட்டுவதற்காக மூடப்பட்டபோது, அந்தப் பாலத்தின் போக்குவரத்தில் ஒரு பகுதி தாராவியின் சாலைகளில் வந்து சேர்ந்தது. சாலைப் பணிகளின் நன்மை தீமைகளைக் கணக்கிடும்போது பயண நேர இழப்பு கணக்கில் வருகிறது. வண்டிகளின் கூடுதல் தேய்மானம் வருவதில்லை.

புணேயிலுள்ள இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிக் கழகம் 1966 முதல் இயங்கி வருகிறது. இந்திய ஓட்டச் சுழற்சி என்ற பெயரில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட சோதனை முறையில், 108 வினாடிகள் கொண்ட ஒவ்வொரு சுற்றிலும் உச்ச வேகம் மணிக்கு 42 கி.மீ.; சராசரி ஏறத்தாழ 22 கி.மீ. நின்றபடி என்ஜின் ஓடும் நேரமும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. ஆயினும் சோதனைக் கூடத்தில் உருளைகளின் மீது ஓடும் வண்டியின் எதிரே ஒரு விசிறி காற்றை வீசிக்கொண்டிருக்கும். தொண்ணூறடிச் சாலையில் அந்த விசிறியை யாரும் கொண்டுவந்து வைப்பதில்லை.

சிக்னலில் அரை நிமிடத்திற்கு மேல் நிற்க நேரிடின் என்ஜினை அணைத்துவிடுவதே நலம். பெட்ரோலியச் சிக்கன ஆராய்ச்சிக் கழகம் எரிபொருள் மிச்சத்திற்காக இதை வலியுறுத்தி வந்துள்ளது. ஓடாமல் நிற்கும் என்ஜின் எரிக்கும் பெட்ரோல் சிறிதளவே எனினும், அதில் ஒரு துளியும் இயக்கமாக மாறுவதில்லை, அத்தனையும் வெப்பமே. ஹீரோ நிறுவனம் 2014-இல் அறிமுகப்படுத்திய ஒரு வண்டியில், நியூட்ரலில் சில வினாடிகள் நின்றால் என்ஜின் தானே அணைந்து, கிளட்சை அழுத்தியதும் மீண்டும் இயங்கும் ஏற்பாடு இருந்தது. கையால் சாவியைத் திருப்பியும் இதே பயனைப் பெறலாம். நெடுநேரம் கடுமையாக ஓடிய என்ஜினை மட்டும் திடீரென்று அணைக்காமல், கடைசிச் சில நூறு மீட்டர்களை மெதுவாக ஓட்டி வந்து நிறுத்துவது சிறந்தது. அணைத்தவுடன் எண்ணெயின் சுழற்சியும் காற்றும் ஒருங்கே நின்றுபோவதால், உள்ளே தேங்கிய வெப்பம் சிலிண்டர் தலையைச் சிறிது நேரம் மேலும் சூடாக்கும் என்பதே காரணம்.

ஸ்கூட்டர்களின் நிலை இதினும் வேறு. 1972-இல் வந்த பஜாஜ் சேத்தக் முதல் இன்றைய கியரற்ற பெட்ரோல் ஸ்கூட்டர்கள் வரை, என்ஜின் மூடியினுள் மறைந்திருப்பதால் அதன் சுழல்தண்டுடன் ஒரு விசிறி இணைக்கப்பட்டுள்ளது. வண்டி நின்றாலும் என்ஜின் சுழலும் வரை காற்று வீசும். இதற்காகச் சிறிது சக்தி செலவாகிறது. நெரிசலிலேயே நாள் முழுவதும் உழலும் ஓட்டுநர்களுக்கு இச்செலவு வீணன்று. விசிறியின் காற்றைச் சிலிண்டரின் மீது திருப்பும் உறையைப் பழுது பார்த்தபின் மீண்டும் பொருத்தாமல் விட்டுவிடுவது மட்டும் பெருந்தவறு. உறையில்லாவிடில் காற்று எங்கெங்கோ சிதறிப் போய்விடும்.

எண்ணெயின் இரட்டைச் சுமை

நூறு சி.சி. வண்டியில் இருக்கும் எண்ணெய் ஏறத்தாழ ஒரு லிட்டர். அது என்ஜினுக்கும், கியர்களுக்கும், கிளட்ச் தட்டுகளுக்கும் பொதுவானது. உராய்வைத் தடுப்பதோடு, பிஸ்டனின் அடிப்பகுதியிலிருந்தும் தாங்கிகளிலிருந்தும் வெப்பத்தை அள்ளி வந்து கீழ்ப்பெட்டியின் சுவரில் சேர்ப்பதும் அதன் பணி. கார்களில் மூன்று நான்கு லிட்டர் எண்ணெய் பகிர்ந்து கொள்ளும் சுமையை இங்கு ஒரு லிட்டர் தாங்குகிறது. அதிலும் முந்நூறு மில்லி குறைந்துவிட்டால், எஞ்சியது இன்னும் விரைவாகச் சூடேறி, நீர்த்து, கருகத் தொடங்குகிறது. பழைய வண்டிகள் எண்ணெயைச் சிறிது சிறிதாக எரித்து விடுவதுண்டு. இதை உணராமல் 'மூவாயிரம் கிலோமீட்டர் வரை பார்க்க வேண்டியதில்லை' என்றிருப்பவர்களே பெரும்பாலும் ஜாம் ஆன வண்டியைத் தள்ளி வருகின்றனர். வாரம் ஒருமுறை அளவுகோலை எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

எண்ணெயின் தரக்குறியீடு தயாரிப்பாளர் கூறியதாகவே இருக்க வேண்டும். 10 டபிள்யூ 30 வேண்டிய வண்டியில் '20 டபிள்யூ 50 கெட்டியானது, ஆகவே நல்லது' என்று ஊற்றுவோர் உண்டு. கெட்டியான எண்ணெய் குறுகிய துவாரங்கள் வழியே தலைக்கு ஏறத் தாமதமாகும். சுழற்சி குறைந்தால் அது அள்ளும் வெப்பமும் குறையும். கார் எண்ணெயை ஊற்றுவதும் ஆபத்தே. அவற்றில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள்கள், எண்ணெயில் நனைந்து இயங்கும் மோட்டார் சைக்கிள் கிளட்சை வழுக்கச் செய்யும். வழுக்கும் கிளட்ச் மீண்டும் வெப்பத்தையே உண்டாக்கும். மோட்டார் சைக்கிள் எண்ணெய்க் குப்பிகளில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற குறி இருப்பதைக் கவனித்து வாங்குவது இதனாலேயே.

கலவையும் எத்தனாலும்

பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை மெதுவாக எரிகிறது. பிஸ்டன் கீழிறங்கிய பின்னும், சில வேளைகளில் வெளியேற்று வால்வு திறக்கும் வரையிலும் எரிதல் நீள்கிறது. அதனால் வால்வும் தலையும் மிகையாகச் சூடேறுகின்றன. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் இணைப்பில் வெடிப்பு விழுந்து காற்று உட்புகுவது, மிச்சம் பிடிக்க எண்ணி ஜெட்டைச் சிறிதாக்குவது ஆகியவை இந்நிலையைத் தோற்றுவிக்கும். லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடுதலாகப் பெறுவதற்காக வால்வை எரித்துக்கொள்ளும் இந்தச் சிக்கனம், எந்தக் கணக்கிலும் இலாபமாகாது. தீப்பொறிச் செருகியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே நடப்பது தெரிந்துவிடும். அதன் முனை வெளிர் பழுப்பாக இருப்பது நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெள்ளையாக வெளுத்திருந்தால் சூடு மிகுதி.

வால்வின் இடைவெளியையும் இங்குக் கூற வேண்டும். வெளியேற்று வால்வு தன் வெப்பத்தில் பெரும்பகுதியை, மூடியிருக்கும்போது தன் இருக்கையின் வழியாகவே இறக்கி வைக்கிறது. இடைவெளியை மிக இறுக்கமாக வைத்துவிட்டால், வால்வு சரிவர இருக்கையில் அமராமல் எரிந்து போகும். டப்பெட் சத்தம் கேட்கக்கூடாதென்று ஓட்டுநர் வற்புறுத்துவதும், அவர் மனம் கோணாமல் மெக்கானிக் இறுக்கி விடுவதும் அடிக்கடி நிகழ்பவை. இலேசான சத்தம் கேட்பதே வால்வுக்குப் பாதுகாப்பு.

நாட்டில் விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு 2025-இல் எட்டப்பட்டது. எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட மிக அதிகமான வெப்பத்தை ஈர்ப்பதால், உட்செல்லும் கலவை சற்றுக் குளிர்கிறது. தட்டொலியைத் தாங்கும் தன்மையும் அதற்கு மிகுதி. மறுபுறம், எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே ஜெட் வழியே செல்லும் கலவை காற்று மிகுந்ததாகிவிடுகிறது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளையொட்டி, மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டருக்குப் பதிலாக மின்னணு எரிபொருள் பீச்சு முறை பரவலாக இடம்பெற்றது. என்ஜினின் சூட்டையும் புகையிலுள்ள ஆக்சிஜனையும் உணர்ந்து பெட்ரோலை அளந்து விடும் இம்முறை, எத்தனாலின் மாறுதலையும் ஓரளவு தானே ஈடு செய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. எனவே பழைய வண்டி வைத்திருப்போர் செருகியின் நிறத்தை அடிக்கடி பார்த்து, வெளுத்திருந்தால் கலவையைத் திருத்திக்கொள்ள வேண்டும். நாட்டின் சாலைகளில் ஓடும் கார்புரேட்டர் வண்டிகள் ஏராளம். அவற்றின் உரிமையாளர்களோ பெரும்பாலும் புது வண்டி வாங்க இயலாதவர்கள். எரிபொருள் கொள்கையின் பயன் கரும்பு விவசாயிக்கும் அன்னியச் செலாவணிக்கும் சேரும்போது, அதற்கேற்ற சிறு திருத்தத்தின் செலவு இவர்களைச் சார்கிறது. பெட்ரோல் நிலையங்களிலேயே இலவசச் சோதனை முகாம்கள் நடத்தினால் இச்சுமை குறையும்.

மழையும் சேறும்

ஜூன் மாதம் பிறந்தால் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பகுதிகளில் நீர் தேங்குவது ஆண்டுதோறும் காணும் காட்சி. மழை என்ஜினைக் குளிர்விக்கும் என்பது உண்மையே. ஆனால் அது கொண்டுவரும் சேறு மழைக்குப் பின்னும் தங்கிவிடுகிறது. முன் சக்கரம் வாரி இறைக்கும் சேறு, விலாக்களின் இடைவெளியில் படிந்து காய்ந்து, மண்சுவர் போல வெப்பத்தைத் தடுக்கிறது. 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வண்டியிலும் அதன் வழிவந்தவற்றிலும் சிலிண்டர் முன்னோக்கிப் படுத்த நிலையில் இருப்பதால், தலைக்கு முதற்காற்று கிடைக்கிறது. சேறும் முதலில் அதற்கே. ஆறிய என்ஜினில் பழைய பல் துலக்கும் தூரிகையைக் கொண்டு விலாக்களின் இடுக்குகளைத் தேய்த்துக் கழுவுவது, மழைக்காலத்தில் மாதம் இருமுறையேனும் தேவை.

காலில் சேறு தெறிக்காமலிருக்க முன்புறக் கம்பியில் ரெக்சின் உறை கட்டுவது வழக்கமாக உள்ளது. மழை நின்றபின்னும் பலர் அதைக் கழற்றுவதில்லை. அக்டோபர் வெயிலில் அந்த உறை காற்றைத் தடுத்து நிற்கும். அதே கம்பியில் சரக்குப் பைகளைத் தொங்கவிடுவதும் இவ்வாறே. சுமையைப் பின்புறம் ஏற்றுவது பொருத்தம். காற்றழுத்தம் குறைந்த டயர், பிடித்துக்கொண்டே சுழலும் பிரேக், வறண்ட சங்கிலி ஆகிய ஒவ்வொன்றும் என்ஜினை அதிகமாக உழைக்கச் செய்து, அந்த உழைப்பின் முக்கால் பங்கை வெப்பமாகவே திருப்பித் தருவதையும் மறத்தலாகாது.

நீர்த் தணிப்பு ஏன் எல்லா வண்டிகளிலும் இல்லை?

நீரால் குளிரும் மோட்டார் சைக்கிள் புதியதன்று. இங்கிலாந்தில் ஸ்காட் என்பார் 1908-லேயே அத்தகைய வண்டிகளைச் செய்தார். இந்தியச் சாலைகளில் 2008-இல் வந்த யமஹா ஆர் 15, 2012-இல் வந்த கே.டி.எம். 200 டியூக், பஜாஜ் பல்சர் 200 என்.எஸ். ஆகியவற்றால் அது பரவியது. இரும்புச் சிலிண்டருக்குப் பெயர்பெற்ற ராயல் என்ஃபீல்டும் 2023-இல் நீர்த் தணிப்பு என்ஜின் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவ்வண்டிகளில் எத்திலின் கிளைக்கால் கலந்த நீர் சிலிண்டரைச் சுற்றி ஓடி, முன்புறமுள்ள ரேடியேட்டரில் ஆறுகிறது. அழுத்த மூடியின் காரணமாக, அது 120 டிகிரிக்கு மேற்பட்டே கொதிக்கும். சூடு மீறும்போது மின்விசிறி தானே சுழலும். நெரிசலில் நிற்கும் வண்டிக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

ஆனால் ரேடியேட்டர், பம்பு, வெப்பக் கட்டுப்பாட்டு வால்வு, விசிறி, குழாய்கள் என்று ஒவ்வொன்றிற்கும் விலை உண்டு. ஒவ்வொன்றும் பழுதடையவும் கூடும். ஓர் எட்டு குதிரைச் சக்தி என்ஜினிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தை விலாக்களே சமாளித்துவிடும்போது, அன்றாடக் கூலியில் தவணை கட்டுபவர் அவ்விலையைக் கொடுக்க முன்வர மாட்டார். ஆண்டுக்கு இரண்டு கோடி இரு சக்கர வாகனங்கள் விற்கும் சந்தையில் பெரும் பங்கு சிறு வண்டிகளுக்கே என்பதால், காற்றுத் தணிப்பு இன்னும் நெடுங்காலம் நிலைக்கும். இடைப்பட்ட வழியாக, எண்ணெயையே சிறு ரேடியேட்டர் வழியே செலுத்தி ஆற வைக்கும் முறை, 150 சி.சி.க்கு மேற்பட்ட பல வண்டிகளில் உள்ளது.

நீர்த் தணிப்பு வண்டி வைத்திருப்போர் இரண்டை நினைவில் கொள்ள வேண்டும். மும்பைக் குழாய்நீர், தான்சா, பாட்சா, வைத்தரணா ஏரிகளிலிருந்து வருவதால் உப்புக் குறைந்ததே. எனினும் அதை ரேடியேட்டரில் ஊற்றலாகாது. துருவைத் தடுக்கும் குளிர்விப்பு நீர்மமே ஊற்றத் தக்கது. சூடான நிலையில் அழுத்த மூடியைத் திறந்தால், அடக்கி வைத்திருந்த கொதிநீர் முகத்தில் பீறிடும்.

பட்டறையில் உள்ள அறிவு

தாராவியிலும் செம்பூரிலும் சாலையோரப் பட்டறைகளில் பணிபுரியும் மெக்கானிக்குகள் பெரும்பாலும் சிறு வயதிலேயே எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர்கள். அவர்களிலிருந்து சிறிது தொலைவில்தான், 1887-இல் நிறுவப்பட்டு 1923-இல் மாட்டுங்காவுக்கு இடம்பெயர்ந்த வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. கழகத்திற்கும் பட்டறைக்கும் இடையே பாலம் இல்லை. ஏட்டுக் கல்வியின்றிப் பெற்ற திறனைச் சோதித்துச் சான்றிதழ் அளிக்கும் வழி, 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி திறன் வளர்ச்சித் திட்டத்தில் உண்டு. எரிபொருள் பீச்சு முறை வந்தபின் காதால் கேட்டும் கையால் தொட்டும் பழுதறியும் திறன் மட்டும் போதாமற் போய்விட்டது. உணர்விகளின் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் கருவியும் பயிற்சியும் தேவைப்படுகின்றன. சான்றிதழோடு அக்கருவி வாங்கக் கடனுதவியும் சேர்ந்தால்தான் இத்திட்டம் சாலையோரம் வரை எட்டும்.

சூடு மீறிய வண்டி முன்கூட்டியே சில அறிகுறிகளைக் காட்டும். மேடேறும்போது இழுவை குறையும்; திருகியை முறுக்கினால் தகரத்தில் சிறு கற்கள் விழுவது போன்ற தட்டொலி எழும்; நியூட்ரல் எளிதில் விழாது; எண்ணெய் கருகும் மணம் வரும். அப்போது வண்டியை ஓரமாக நிழலில் நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட வேண்டும். தண்ணீரை அள்ளி அதன்மேல் ஊற்றலாகாது; ஒரு பக்கம் மட்டும் திடீரென்று சுருங்கினால் தலை நெளியவோ விரிசல் விடவோ கூடும். இருபது நிமிடங்கள் ஆறவிட்டு, வண்டியை நிமிர்த்தி அளவுகோலில் எண்ணெயைப் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றிய பின்னரே உதைக்க வேண்டும். உதைகோல் இறங்க மறுத்தால் வலிந்து மிதிக்காமல், பட்டறை வரை தள்ளிச் செல்வதே செலவு குறைந்த வழியாகும்.